கட்டுதலும் காத்தலும்

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடிக் கொட்டகையில் பற்றிய தீக்கு மனநோயாளர் 28 பேர் பலியாயினர். பெரும்பாலோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். கட்டியோர் அதனைக் காவல் என்றே கருதியிருப்பர். கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் முதலாவது 'பந்தம்', அதாவது கட்டுதல். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சங்கிலியைத் தடுத்தது.

அவிழ்த்தபின் காப்பவர் யார்? மருந்து தீர்ந்ததா, உறக்கம் உண்டா, உதவித்தொகை வந்ததா எனத் தொடர்ந்து வினவ ஒருவர் வேண்டும். ஏரியூரிலிருந்து மகனைத் தருமபுரி மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லும் தாய்க்கு, மருத்துவர் மாறினும் மாறாத முகம் அது. வேண்டா என்பாரிடமும் அவர் மீண்டும் சென்று கேட்கலாம், கேட்பது கட்டுதலாகாது. சோற்றில் மருந்தை மறைத்து ஊட்டுவதோ, அன்பினாற் செய்யினும், எனக்குக் கட்டாகவே தோன்றுகிறது.