ஓரிரவு விருந்தினர்

வாடகை செலுத்தி ஓர் ஊரில் ஓரிரவு தங்கிச் செல்பவருக்கு அவ்வூரின்பால் ஏதேனும் கடப்பாடு உண்டா? அறையும் படுக்கையும் விலைக்குப் பெற்றவை. விலை கொடுத்தபின் கடன் ஏது என்று வினவுவது உலகியல். ஆயினும் மனித உறவுகள் யாவும் பற்றுச்சீட்டோடு முடிந்துவிடுவதில்லை.

எடுத்துக்காட்டாக, பகாங் மாநிலத்தின் உட்பகுதியில், ஜெலாய் ஆறும் லிப்பிஸ் ஆறும் கூடுமிடத்தில் அமைந்த கோலா லிப்பிஸ் நகரைக் கொள்ளலாம். மாலையில் இரயிலை விட்டிறங்கும் பயணி கடைவீதியை ஒருமுறை சுற்றி வருகிறார். ஆரவாரம் இல்லை, கண்ணைப் பறிக்கும் விளக்குகள் இல்லை. உண்கிறார், உறங்குகிறார். விடிந்ததும் புறப்பட்டுச் சென்று, "அவ்வூரில் ஒன்றுமில்லை" என்று நண்பர்களிடம் கூறுகிறார்.

ஒன்றுமில்லையா? 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகராய் விளங்கியது அச்சிறு நகரமே. பின்னர் ஆட்சிப்பீடம் குவாந்தானுக்குப் பெயர்ந்தது. அதனோடு ஆரவாரமும் பெயர்ந்தது. கெமாசிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரை இரயில் பாதை 1931-இல் நிறைவெய்தியபோது, அதன் வழியிலிருந்த முதன்மையான நிலையங்களுள் கோலா லிப்பிசும் ஒன்று. ஜப்பானியர் ஆட்சியில் அப்பாதையின் நெடும்பகுதியில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1942–43 ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைக்கப்பட்ட அப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். பயணியை ஏற்றிச் செல்லும் தண்டவாளம் இத்தகைய துயரக் கதையோடு தொடர்புடையது. அதனை அறியாமை குற்றமன்று. அறியாததனை 'இல்லை' என்று தீர்ப்பளித்தலே குற்றம்.

அவர் துய்த்த அமைதியும் தானே விளைந்ததன்று. அவர் உறங்கும்போது இரயில் நிலையத்தில் ஒருவர் விழித்திருந்தார். அவர் கண்விழிக்குமுன்பே உணவுக்கடையில் ஒருவர் எழுந்து மாவு பிசைந்தார். அவர்கள் ஊதியம் பெற்றிருக்கலாம். முன்பின் அறியாதவர் ஒருவர் அச்சமின்றிக் கண்மூடி உறங்கத்தக்க ஊராக அதனை வைத்திருக்கும் பண்புக்கு எந்த விடுதியும் விலை குறித்ததில்லை.

இகழ்ச்சிக்கு மாறான பிழையும் ஒன்றுண்டு. "எத்துணை அமைதி! வாழ்ந்தால் இங்கன்றோ வாழவேண்டும்!" என்று புகழ்ந்துவிட்டு, மறுநாளே மாநகர் திரும்புவோர் உளர். அவருக்கு ஓய்வாகத் தோன்றும் அமைதி, பள்ளி முடித்து வேலை தேடும் அவ்வூர் இளைஞனுக்கு வாய்ப்பின்மையாகத் தோன்றலாம். மகனை நகருக்கு அனுப்பிவிட்டு வாயிலை நோக்கியிருக்கும் தாய்க்கு அதுவே தனிமையாகவும் இருக்கலாம். இகழ்பவரும் ஊரைக் காணவில்லை. இவ்வாறு புகழ்பவரும் காணவில்லை. இருவரும் கண்டது தத்தம் மனநிலையையே.

அங்ஙனமாயின் ஓரிரவு விருந்தினரின் கடமை யாது? திருக்குறளின் அதிகார வைப்பு இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம். செய்ந்நன்றியறிதல் 11-ஆம் அதிகாரம். முன்னதனை விருந்தளிப்பார்க்கும், பின்னதனை விருந்துண்டார்க்கும் உரிய அறமாகக் கொண்டால், இடையில் நிற்கும் 10-ஆம் அதிகாரம் இனியவை கூறல். பெற்ற நன்றிக்கு விருந்தினர் முதற்கண் செலுத்தத்தக்கது சொல்லே என்று இவ்வைப்பினின்று உணரலாம். இனிய சொல்லாவது முகத்துதியன்று; வாய்மையோடு கூடிய சொல்லே இனியது. ஓரிரவில் கண்டதைக் கண்டவாறு உரைத்தலும், காணாததன்மீது தீர்ப்புக் கூறாமையும், கடைக்காரரிடமேனும் அவ்வூரைப்பற்றி ஒரு வினா எழுப்பி விடையைப் பொறுமையாகக் கேட்டலும் அதன் கூறுகளாம்.

மாணவர்க்கும் இவ்வறம் பொருந்தும். ஒரு நூலை ஒருமுறை புரட்டிவிட்டு, "இதில் ஒன்றுமில்லை" என்பவரும், ஒரு மனிதரோடு ஒரு வேளை பழகிவிட்டு அவர் தரத்தை அளப்பவரும் ஓரிரவுப் பயணியரே. குறுகிய பழக்கத்தில் பிறக்கும் தீர்ப்பு பெரும்பாலும் அளப்பவரின் அளவுகோலையே காட்டும்.

ஊரார் பயணியை மறந்துவிடுவர். அவர் சொல்லோ ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும். ஆகவே, அறைக்கு உரிய வாடகையை விடியலில் செலுத்திவிடலாம். ஊருக்கு உரிய வாடகையைச் செல்லுமிடமெல்லாம் நாவினால் செலுத்த வேண்டும்.