பூங்காவில் கேட்ட மன்னிப்பு

2008 ஆகஸ்ட் 3 அன்று கனடாவின் சர்ரே நகரில், ஒரு பூங்காவில் திரண்டிருந்த பஞ்சாபியர் முன்பு, பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ‘கோமகட்டா மாரு’ கப்பல் விவகாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார். அவர் மேடையை விட்டு இறங்கிப் போனதும், விழா ஏற்பாட்டாளர்கள் மைக்கைப் பிடித்து, இதை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கூட்டத்தைக் கேட்டார்கள். கூட்டம் மறுத்துவிட்டது. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டது கேட்டதுதான், இன்னொரு முறை கிடையாது என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது.

மன்னிப்பு எந்த இடத்தில், எந்த வடிவில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு? தவறு செய்தவருக்கா, தவறுக்கு ஆளானவருக்கா?

1914 மே மாதம் 376 பயணிகளுடன் அந்த ஜப்பானியக் கப்பல் வான்கூவரை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர், பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள். பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேரே வருபவர்களை மட்டுமே அனுமதிப்பது என்று கனடா ஒரு விதி வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பலே கிடையாது. இந்தியரின் பேரைச் சொல்லாமலே இந்தியரைத் தடுத்த விதி அது. இரண்டு மாதம் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தவர்களில் சுமார் 20 பேரைத் தவிர அனைவரையும், போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் பலர் மாண்டனர்.

ஹார்ப்பர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பிறப்பதற்கு வெகுமுன்பு நடந்த அநியாயம் இது. இடத்தையும் வாசகத்தையும் பாதிக்கப்பட்டவரே வகுத்தால், எதுவும் போதாது என்று சொல்லிக்கொண்டே போகலாமே என்ற அச்சமும் நேர்மையானதுதான். ஆனால் இங்கே யாரும் புதிதாக எதையும் கேட்கவில்லை. சீனர்கள் மீது விதித்த தலைவரிக்காக 2006-இலும், பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளுக்காக 2008 ஜூனிலும் இதே பிரதமர் நாடாளுமன்ற அவையில்தான் மன்னிப்புக் கேட்டிருந்தார். இரண்டே மாதத்தில், இவர்களுக்கு மட்டும் பூங்கா. சட்டம் போட்டு விரட்டப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கு, அவைக்குறிப்பில் ஏறும் சொல்லுக்கும் திருவிழா மேடைப் பேச்சுக்கும் உள்ள தூரம் தெரியாமலா இருக்கும்?

மன்னிப்புக் கேட்பவரின் மனம் அதை முடித்துவிடத் துடிக்கிறது. வாய்விட்டுச் சொன்னதுமே குற்ற உணர்வு பாதி இறங்கிவிடுகிறது. அந்த நிம்மதியையே அவர் சமாதானம் என்று எடுத்துக்கொள்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவருக்கோ பழைய வலி அப்போதுதான் மேலெழுகிறது. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்று நம் ஊர்ப் பிரமுகர்களும் அறிக்கை விடுகிறார்கள். அதில் தவறு செய்தவரையே காணோம். எளிதில் புண்படும் மனம் ஒன்றுதான் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் கூறுகளில் பொறுப்பை ஏற்பதே மிக வலுவானதாகத் தெரிந்தது. சேதத்தைச் சரிசெய்ய முன்வருவது அடுத்தது. என்னை மன்னித்துவிடுங்கள் என்று வேண்டுவதற்கு எல்லாவற்றிலும் குறைந்த மதிப்பு. இது நியாயமாகவே படுகிறது. பொறுப்பேற்பவர் சுமையைத் தன் தோளில் வைத்துக்கொள்கிறார். மன்னிக்கச் சொல்பவர் அதை அடிபட்டவரிடமே இறக்கிவைக்கிறார்.

2016 மே 18 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நடந்த துயரங்கள் எல்லாவற்றுக்கும் கனடா மட்டுமே காரணமல்ல, ஆனால் அந்தப் பயணிகளைத் தடுத்த சட்டங்களுக்கு கனடா அரசே பொறுப்பு என்றார். அந்த உரையின் பலம் இந்த அளவறிந்த ஒப்புதலில் இருக்கிறது. தன் பங்கு எதுவோ அதைச் சாக்குச் சொல்லாமல் ஏற்றது.

இந்த இரண்டு மன்னிப்புகளுக்கும் நடுவே, 2010 ஆகஸ்டில், அதே பிரிட்டிஷ் கொலம்பியக் கரைக்கு ‘சன் சீ’ கப்பலில் 492 ஈழத்தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். இந்த முறை கப்பலைத் திருப்பி அனுப்பவில்லை. அடைக்கல மனுக்கள் விசாரிக்கப்பட்டன. 1914-இன் கனடா அதைச் செய்திருக்காது; இந்த மாற்றம் பெரிது. ஆனால் பலரைப் பல மாதங்கள் காவலில் வைத்தார்கள். இப்படிக் கூட்டமாக வருவோரைக் கட்டாயமாகத் தடுத்துவைக்க வழிசெய்யும் சட்டம் 2012-இல் நிறைவேறியது. ட்ரூடோ அவையில் எழுந்து பேசிய நாளிலும் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது.