விரும்பி ஏற்கும் ஆபத்து

ஐரிஷ் கடலிலுள்ள ஐல் ஒவ் மான் தீவில் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. அதற்கெனத் தனித் திடல் கிடையாது; மக்கள் அன்றாடம் போய்வரும் தெருவே பந்தயப் பாதை. ஒரு சுற்று ஏறக்குறைய 60 கிலோமீற்றர். இரு மருங்கிலும் கல்மதில்களும் விளக்குக் கம்பங்களும் வீட்டு வாசல்களும் நிற்க, மணிக்கு 200 கிலோமீற்றரையும் மிஞ்சிய வேகத்தில் பாய்கிறார்கள். அப்பாதையில் இதுவரை மாண்ட ஓட்டுநர்கள் 250 பேருக்கும் அதிகம்.

இது பாவமான விளையாட்டு என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். அப்படியானால் மலையேறுபவனையும் தடுக்க வேண்டுமே!

1972இல் இத்தாலிய வீரர் கில்பேர்த்தோ பார்லொத்தி அங்கே மழையில் விழுந்து இறந்தார். அவ்வாண்டும் அங்கு வெற்றி பெற்றிருந்த ஜியாக்கொமோ அகொஸ்தீனி, இனி அத்தீவில் ஓடுவதில்லை என்று விலகிக்கொண்டார். அன்று உலக சம்பியன் பட்டத்துக்கான புள்ளிகள் அங்கும் வழங்கப்பட்டன. பட்டத்தை நாடியவன் விரும்பாவிட்டாலும் ஓட வேண்டியிருந்தது. மற்றும் சிலரும் மறுக்கவே, 1976உடன் அந்த நிலை நீங்கியது. விரும்பியவன் மட்டும் வரலாம் என்றாயிற்று. பெரிய மாற்றம்தான்.

ஆனால் விருப்பம் யாருடையது? ஓட்டுபவன் ஒப்பமிடுகிறான், அவன் பிள்ளைகளை எவரும் கேட்பதில்லை. மணமாகாத இளைஞனுக்கும் மூன்று பிள்ளைகளின் தந்தைக்கும் ஒரே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணமாகாதவனுக்கும் தாய் உண்டே என்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.