வாசற்படியில் ஒரு துஆ



ஜூன் வந்துவிட்டால் புத்தகம், சீருடை, கட்டணம் என்று அலைகிறோம். புறப்படும் பிள்ளையின் வயிறும் மனமும் நிறைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறோமா?

இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது புகாரியில் வரும் ஹதீது. நாமோ நள்ளிரவு வரை கைப்பேசியும் தொலைக்காட்சியுமாக இருந்துவிட்டு, விடிந்ததும் பிள்ளையை அதட்டி எழுப்புகிறோம். பசியாறாமல், ஏச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளை சாலையை எப்படிக் கவனித்துக் கடக்கும்?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயது முதல் பத்தாண்டுகள் நாயகத்துக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருநாளும் தம்மை 'சீ' என்று சொன்னதில்லை என அவர்களே அறிவிக்கிறார்கள். நாமோ எடுத்ததற்கெல்லாம் அதட்டுகிறோம். அதட்டலுக்கு அஞ்சும் பிள்ளை, பள்ளியில் யாரேனும் துன்புறுத்தினாலும் வீட்டில் வாய் திறக்காது.

ஆகவே, இஷா தொழுததும் உறங்க வையுங்கள். ஸுபுஹுக்கு அன்போடு எழுப்புங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பசியாறச் செய்யுங்கள். ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் நாயகம் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதுபோல், வாசலில் நின்று துஆச் செய்து அனுப்புங்கள். மாலையில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "இன்றைக்கு என்ன நடந்தது வாப்பா?" என்று கேளுங்கள்.

பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்காக்க அவனே நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.