நஞ்சுக்கொடி விழும்வரை நீதான் தலைவி!

குழந்தையின் முதல் அழுகுரல் கேட்டதும் ஊரே மிட்டாய் வாங்க ஓடும். ஆனால் தோழி, உன் பிரசவம் இன்னும் முடியவில்லை! நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வந்தால்தான் முடிந்தது. தாயின் உயிரைக் குடிக்கும் உதிரப்போக்கு பிரசவத்தின் இந்த மூன்றாம் கட்டத்தில் பதுங்கியிருக்கலாம். அதைப் பற்றி நீ கேட்காமல் யார் கேட்பது?

நஞ்சுக்கொடியை வெளியேற்ற வழி இரண்டு. குழந்தை பிறந்ததும் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது ஒன்று. கருப்பை இறுகும், தொப்புள்கொடியைப் பக்குவமாக இழுத்து நஞ்சுக்கொடியை எடுப்பார்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் வேலை முடியும். ஊசியில்லாமல், தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து நஞ்சுக்கொடியை நீயே முக்கி வெளியேற்றுவது மற்றொன்று. இதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

இங்கிலாந்தின் 'நைஸ்' மருத்துவ வழிகாட்டுதல் தரும் கணக்கைப் பார். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இழப்பவர்கள் ஊசி வழியில் ஆயிரத்துக்கு சுமார் 13 பேர். காத்திருக்கும் வழியில் 29 பேர். ஊசியால் சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். உலக சுகாதார நிறுவனம் எல்லாத் தாய்மாருக்கும் ஊசியையே பரிந்துரைக்கிறது. ஊசி போட்டாலும் தொப்புள்கொடியை உடனே வெட்ட வேண்டியதில்லை; ஒரு நிமிடமாவது பொறுத்தால் பிள்ளைக்கு ரத்தம் கூடும். இதையும் கேட்டு வாங்கு!

ஊசியை மறுத்தால்தான் வீராங்கனை என்று எவராவது சொன்னால் நம்பாதே. ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முந்தைய பிரசவத்தில் உதிரப்போக்கு இருந்தால் தயங்காமல் ஊசியைத் தேர்ந்தெடு. காத்திருக்கும் வழியில் போகும்போது ரத்தம் மிகுந்தாலோ, ஒரு மணி நேரம் கடந்தாலோ அந்த நொடியே வழியை மாற்று. உயிரைக் காக்க முடிவை மாற்றுகிறவள் தோற்றவள் அல்ல!

"நமக்கென்ன தெரியும், டாக்டரம்மா பார்த்துக்குவாங்க" என்று ஒதுங்காதே. பத்து மாதம் சுமந்த உனக்கு ஒரு கேள்வி கேட்கும் தெம்பு இல்லையா? வலி உச்சத்தில் வாய் திறக்க முடியாது. ஆகவே உன் விருப்பத்தை இன்றே ஒரு தாளில் எழுது. துணைக்கு வரும் அம்மாவிடமோ கணவரிடமோ ஒரு நகல் கொடு. அடுத்த செக்கப்பில் மருத்துவரின் கண்ணைப் பார்த்துக் கேள்: "என் உடம்புக்கு எந்த வழி பாதுகாப்பு, ஏன்?" பதில் புரியும்வரை நாற்காலியை விட்டு எழாதே!