கைவிடுவதற்கும் ஒரு முறை

ஒரு பொருளை ஆக்கியவனுக்கு அதைக் கைவிட்டுவிடும் பாத்தியதையும் உண்டா என்னும் கேள்வி மிகப் பழையது. ஆனால், அந்தப் பொருள் இல்லாமல் அன்றாட ஜீவனம் நடவாது என்னும் நிலைக்கு முதலில் ஜனங்களைப் பழக்கிவிட்டு, பிறகு ஒரு நாள் காலையில் ‘இனி உனக்கு இது கிடையாது’ என்று அறிவித்துவிடுவதற்கும் அந்தப் பாத்தியதை நீளுமா என்பது, கைபேசிகள் நம் சட்டைப் பைகளில் குடியேறிய பிறகே இவ்வளவு கூர்மை அடைந்திருக்கிறது.

உதாரணத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ரயிலில் ஆவடியைக் கடந்து, இந்து கல்லூரி, பட்டாபிராம் ஆகிய நிறுத்தங்களையும் தாண்டி, திருநின்றவூருக்கு முன்னால் வருகிற நெமிலிச்சேரி, 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடிய அதே பாதையில் அமைந்த ஊர். வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலை குறுக்கிட்டதனால் ஊரின் முகம் எவ்வளவோ மாறியிருந்தாலும், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பெரம்பூருக்கும் சென்ட்ரலுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்றும் மின்சார ரயில்தான் பிரதான ஆதாரம். அந்த ரயிலுக்கான சீட்டு முன்பு கெட்டி அட்டையாக இருந்தது. பிறகு கணினி அச்சிடும் மெல்லிய தாளாயிற்று. 2015 ஏப்ரலில் எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே காகிதமே இல்லாத சீட்டு தொடங்கப்பட்ட பின், யுடிஎஸ் என்னும் செயலியின் வழியே போனின் திரைக்குள் போய்விட்டது. 5 ரூபாயிலிருந்து தொடங்கும் ஒரு சிறு கட்டணத்துக்காக வரிசையில் நின்று ரயிலைத் தவறவிட்டவர்கள் இந்த மாறுதலை மனமார வரவேற்றார்கள் என்பதையும், அந்த வரவேற்பு நியாயமானதே என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சங்கடம் வேறொரு நாளில் வருகிறது. ஐந்தாறு வருஷம் உழைத்த ஒரு போனில் அந்தச் செயலியைத் தொட்டால், வழக்கமான பக்கத்துக்குப் பதிலாக, அப்டேட் செய்தால்தான் மேலே போகலாம் என்று ஒரு சிறு கட்டம் எழுகிறது. அதையும் தொட்டால் பிளே ஸ்டோர் திறக்கிறது. அங்கே, பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், இந்தச் சாதனத்துக்கு இந்தச் செயலி பொருந்தாது என்னும் ஒற்றை வரி மட்டும் நிற்கிறது. போனில் ஒரு கீறல் இல்லை; பேட்டரி நிற்கிறது; பேசினால் கேட்கிறது. எந்த மொபைல் கடையில் கொண்டுபோய்க் காட்டினாலும் விடை ஒன்றுதான்: “இதுக்கு மேல வெர்ஷன் ஏறாது சார், போனை மாத்திடுங்க.”

இதன் மறுபுறமும் உண்டு. புதிய செயலி பழைய போனை ஏற்க மறுப்பதைப் போலவே, புதுப்பிக்கப்பட்ட போன் பழைய செயலியை ஏற்க மறுக்கிறது. 2017 செப்டம்பரில் ஆப்பிளின் ஐஓஎஸ் 11 வந்தபோது, 32 பிட் முறையில் எழுதப்பட்டிருந்த செயலிகள் யாவும் ஒரே இரவில் திறக்க மறுத்தன; எழுதியவர்கள் மீண்டும் உட்கார்ந்து புதுக்கிக் கொடுத்தவை பிழைத்தன, ஆளில்லாமல் கிடந்தவை அப்படியே மாண்டன. வாட்ஸ்அப் 2017இல் நோக்கியாவின் சிம்பியன் போன்களையும், 2019 டிசம்பர் 31 உடன் விண்டோஸ் போன்களையும் உதறியது. 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு ஏழை எளியவர் கையில் வந்து சேர்ந்த ஜியோபோனுக்கு 2018 செப்டம்பரில் அது வந்தபோது நாடெங்கும் கொண்டாட்டமாகப் பேசப்பட்டது. 2024 ஜூனில் அந்தப் போன்களின் செயலிக் கடையிலிருந்து அது எடுக்கப்பட்டபோது பேசியவர்கள் வெகு சொற்பம்.

இவற்றையெல்லாம் வியாபாரிகளின் பேராசை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது சுலபம். சுலபமாக இருப்பதனாலேயே அதில் சந்தேகம் கொள்வது நல்லது. ஆண்ட்ராய்டு 6.0க்கு முன்பு, ஒரு செயலியை நிறுவும்போதே அது கேட்கிற அனுமதி யாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. 2015இல் வந்த அந்தப் பதிப்புதான், கேமராவோ தொடர்பு எண்களோ தேவைப்படும் சமயத்தில் ஒவ்வொன்றாக உரியவரிடம் கேட்க வேண்டும் என்னும் முறையைக் கொண்டுவந்தது. திருடர்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். தங்கள் செயலியைப் பழைய காலத்துச் செயலி என்று சொல்லிக்கொள்ளும்படி எழுதினால், போன் அதைப் பழைய முறையிலேயே, கேள்வி கேட்காமல், உள்ளே விட்டுவிடும் அல்லவா? 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14, அவ்விதம் மிகப் பழைய பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்ட செயலிகளை நிறுவவே விடாமல் தடுத்தது இந்தக் காரணத்தால்தான். யுபிஐயும் வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒரே கருவிக்குள் அடங்கியிருக்கும் நம் தேசத்தில், பழமைக்குக் காட்டும் தாட்சண்யம் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும். ஆகவே, கதவைச் சாத்துவது குற்றம் என்று எவரும் பொதுப்படச் சொல்ல முடியாது. சாத்தாமலிருப்பதே குற்றமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? சாத்துகிற செயலைவிட, சாத்தியவர் யார் என்று தெரியாதபடி அது நடைபெறும் விதத்திலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. செயலியை எழுதிய ஸ்தாபனத்தைக் கேட்டால், இயங்குதளம் பழையது, அதில் பாதுகாப்புத் தர இயலாது என்கிறது. இயங்குதளத்தை ஆக்கியவரைக் கேட்டால், புதிய பதிப்பை வெளியிட்டாகிவிட்டது, போன் கம்பெனி அதைக் கொடுக்கவில்லை என்கிறார். போன் கம்பெனியோ, உள்ளிருக்கும் சிப்புக்கு அதைச் செய்தவர் மென்பொருள் தருவதை நிறுத்திவிட்டார் என்று கையை விரிக்கிறது. சிப் செய்தவர், அந்த ரகம் விற்பனையில் இல்லாமல் போய் எத்தனையோ வருஷமாயிற்று என்கிறார். நால்வர் சொல்வதும் பொய்யல்ல. நால்வரும் தத்தம் அளவில் நியாயஸ்தர்கள். ஆனால் நான்கு நியாயங்களும் ஒன்றுசேர்ந்து பிளாட்பாரத்தில் ஒரு மனிதரைச் சீட்டில்லாமல் நிறுத்திவிடுகின்றன. பரிசோதகர் வந்தால் குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் அவரிடமிருந்துதான் வசூலாகும், அந்த நால்வரில் எவரிடமிருந்தும் அல்ல. பொறுப்பைப் போதிய அளவு சிறு துண்டுகளாக நறுக்கிவிட்டால் அது எவர் கணக்கிலும் ஏறாமல் போய்விடும் என்பது நம் காலத்தின் ஸ்தாபனங்கள் கண்டுபிடித்த சூட்சுமங்களில் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு பேதத்தைக் கவனித்தாக வேண்டும். பொழுதுபோக்குக்கான ஒரு விளையாட்டுச் செயலி நின்றுபோனால் நஷ்டம் உண்டு, அநீதி பெரிதாக இல்லை. அதை ஆக்கியவர் எவரையும் அதன்மேல் சார்ந்து வாழும்படி செய்யவில்லை. கடமையின் அளவு, ஆக்கியவர் பெற்ற லாபத்தைக்காட்டிலும் அவர் உண்டாக்கிய சார்பைப் பொறுத்தது. இதன் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் பொருத்துவதற்கென்று ஆர்கஸ் 2 என்னும் கருவியைச் செய்துவந்த செகண்ட் சைட் என்னும் கம்பெனி, 2019 முதல் அதைக் கைவிடத் தொடங்கி, 2020இல் திவாலாகும் நிலைக்கே வந்துவிட்டது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டவர்கள், பழுதானால் பார்ப்பார் இல்லாத ஒரு யந்திரத்தைத் தங்கள் கண்ணுக்குள் சுமந்துகொண்டு நின்றார்கள். கம்பெனி நொடித்துப்போவது பாவமல்ல. வியாபாரத்தில் அது சகஜம். ஆயினும், மனித சரீரத்துக்குள் ஒன்றை வைக்கிறவர், தாம் இல்லாத காலத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பதை மறுப்பதற்கு எந்தச் சாஸ்திரத்தைத் துணைக்கு அழைக்க முடியும்? ரயில் சீட்டு விழித்திரை அல்ல என்பது உண்மைதான். ஆனால் விளையாட்டுச் செயலியும் அல்ல.

பழையதை நிறுத்திப் புதியதைப் புகுத்துவதில் நம் தேசத்துக்கு அனுபவமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1957 ஏப்ரல் 1 அன்று, 16 அணா ஒரு ரூபாய் என்னும் கணக்கு போய் 100 நயா பைசா ஒரு ரூபாய் என்னும் கணக்கு வந்தது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா என்னும் உடைசல் கணக்கு அன்று கடைத்தெருவில் எத்தனை சச்சரவுகளைக் கிளப்பியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. இருந்தும், அணாக் காசு மறுநாளே செல்லாக் காசாகவில்லை. சில வருஷங்கள் இரண்டும் ஒரே சுருக்குப் பையில் சேர்ந்தே கிடந்தன. ‘நயா’ என்னும் அடைமொழியும் 1964இல்தான் உதிர்ந்தது. வீசையும் பலமும் கிலோவுக்கு இடம் விட்டதும் இவ்விதமே, பகுதி பகுதியாக, தவணை தவணையாக நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதியாக இருந்த, வெளிநாட்டிலிருந்து தானியம் தருவித்துச் சாப்பிட்ட ஒரு தேசத்தின் அரசு, தன் குடிகளின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் அமலாக்கிய நோட்டுச் செல்லாமை விவகாரம் இதற்கு நேர் எதிரான முறை. மாறாக, 2023 மே மாதத்தில் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோது, அது சட்டப்படி செல்லும் என்று வைத்துக்கொண்டே மாற்றிக்கொள்ள மாதக்கணக்கில் அவகாசமும், அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் வழியும் விட்டார்கள். 2016இலும் 2023இலும் நடந்தது நோட்டைத் திரும்பப் பெறுவதுதான். வித்தியாசம் முழுவதும் விதத்தில்தான்.

மென்பொருள் உலகத்திலும் இந்தப் பொறுமைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவை நிறுத்திவிட்ட மைக்ரோசாஃப்ட், 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் நாசகார மென்பொருள் பல தேசங்களிலும் பரவியபோது, செத்துப்போனதாகத் தானே அறிவித்த அந்தப் பதிப்புக்கும் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. ஒப்பந்தத்தின் ஆயுளும் கடமையின் ஆயுளும் ஒன்றல்ல என்பதைச் செய்கையில் ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது.

‘அவகாசம் கொடுத்தோம், அறிவிப்பும் செய்தோம், மாறாதவர்கள் தங்கள் சோம்பலுக்குத் தாங்களே பொறுப்பு’ என்று சொல்வோர் இருக்கிறார்கள். நம் வீடுகளில் போன்கள் எவ்விதம் கைமாறுகின்றன என்பதை அவர்கள் கவனித்ததில்லை போலும். புதிய போனைத் தவணையில் வாங்குவது மகனோ மகளோ. அவர்கள் விட்டது அம்மாவுக்கு. அம்மா விட்டது, திரை ஓரத்தில் ஒரு கோட்டுடன், அப்பாவுக்கு. குடும்பத்தில் உள்ளவற்றிலே பழைய கருவி, புதியதைக் கற்றுக்கொள்ளும் தெம்பு குறைந்த கைக்கு வந்து சேருகிறது. அதற்குள் அதன் ஆதரவுக் காலமும் தீர்ந்துவிடுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மருந்து வாங்கவோ பென்ஷன் விஷயமாகவோ ரயிலேறப் போகும்போது அந்தச் செயலி மறுத்தால், அது அவருடைய சோம்பலின் பலன் என்று சொல்வதற்கு மனம் கல்லாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, செயலியின் பணப்பையில் முன்கூட்டியே பணம் போட்டு வைப்பவருக்கு 3 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது. வசதியுள்ளவருக்குச் சலுகையும் இல்லாதவருக்கு முழுக் கட்டணமும் என்று எவரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. இருந்தாலும் கணக்கு அப்படித்தான் முடிகிறது.

சட்டங்கள் இப்போதுதான் கண் விழிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலான விதி, ஒரு ரகத்தின் கடைசிப் போன் சந்தைக்கு வந்து முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் மென்பொருள் புதுப்பிப்புத் தர வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இல்லாவிட்டால் மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற நாம், மாதக்கணக்கில் தவணை கட்டி வாங்கும் போனில் அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே அறியாமல் பெட்டியைப் பிரிக்கிறோம். தீபாவளித் தள்ளுபடியில் கிடைக்கும் சென்ற வருஷத்து, அதற்கும் முந்திய வருஷத்து ரகங்களுக்கு அந்த ஆதரவுக் காலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே கரைந்திருக்கும். தள்ளுபடிக்குக் காரணங்களில் அதுவும் ஒன்று என்பதை விளம்பரம் சொல்வதில்லை. நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தபோது மொபைல் போன்களையும் அதன் வரம்பில் சேர்த்தது நல்ல தொடக்கம்தான். ஆனால் திரையையும் பேட்டரியையும் மாற்றும் உரிமை மட்டும் கிடைத்து மென்பொருள் நின்றுபோனால், கையில் மிஞ்சுவது நன்றாகப் பழுதுபார்க்கப்பட்ட ஒரு கண்ணாடித் துண்டு.

ரயில்வே விஷயத்தில் சாதாரணத் தனியார் ஸ்தாபனத்துக்கு இல்லாத ஒரு கூடுதல் கடமை இருக்கிறது. சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தால் நிர்ப்பந்திப்பதும், அந்தச் சீட்டை விற்பதும், இல்லாதவரைத் தண்டிப்பதும் ஒரே கை. 2025 ஜூலை 1 அன்று, ரயில்வேயின் தகவல் முறை மையமான கிரிஸின் நாற்பதாவது நிறுவன நாளில், முன்பதிவில்லாச் சீட்டையும் முன்பதிவையும் புகார்களையும் ஒரே இடத்தில் சேர்த்து ரயில்ஒன் என்னும் செயலி வெளியிடப்பட்டது. பல செயலிகளை ஒன்றாக்குவது சௌகரியமே. ஆனால் புதியதை ஏற்க இடமில்லாத போனை வைத்திருப்பவருக்குப் பழையதும் புதியதும் எத்தனை மாதம் ஒன்றாக ஓடினாலும் ஒன்றுதான். அவருக்கு வேண்டியது செயலிக்கு வெளியே ஒரு வழி. நிலையத்தின் டிக்கெட் கவுண்டரும் ஏடிவிஎம் என்னும் தானியங்கி யந்திரமுமே அந்த வழி. ‘எல்லோரும் போனில் எடுக்கிறார்கள், கூட்டம் குறைந்துவிட்டது’ என்னும் காரணத்தைக் காட்டி அவற்றைக் குறைப்பதற்கு முன்பு, அந்த ‘எல்லோரும்’ என்பதில் சேராதவர்கள் எந்த நிலையத்தில், எந்த மணியில் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை எடுப்பதற்குப் புதிய மென்பொருள் எதுவும் தேவைப்படாது. காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஓர் ஊழியர் கவுண்டர் அருகே நின்று, வரிசையில் இருப்பவர்களிடம் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால் போதும்.