எழுதும் கையும் ஏற்கும் நெஞ்சும்

திருவெறும்பூர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு முற்பகல் காத்திருந்தவர்க்கு, நாம் சொல்லப் புகும் செய்தி புதிதாகத் தோன்றாது. வீட்டை விற்பவர் பத்திரத்தைத் தாமே எழுதுவதில்லை. பத்திர எழுத்தர் எழுதுகிறார். நான்கெல்லையும் சட்டச் சொற்களும் அவருக்கே அத்துபடி. ஆயினும் பத்திரத்தில் 'எழுதிக் கொடுப்பவர்' என்று குறிக்கப்படுபவர் அவரல்லர். ஒரு வரியும் எழுதாத வீட்டுக்காரரே. அவர் அதிகாரியின் முன் நின்று, "ஆம், இது நான் எழுதிக் கொடுத்ததே" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இந்த ஒப்புதலை வற்புறுத்துகிறது. எழுதுவது வேறு, ஏற்பது வேறு என்னும் தெளிவு நம் மக்களிடம் நெடுநாளாக இருந்து வருகிறது. அத்தெளிவுக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது.

'ஸ்மார்ட் காண்ட்ராக்ட்' என்று ஒன்றைப் பற்றி நம் பிள்ளைகள் பேசக் கேட்கிறோம். 1990களில் நிக் சாபோ என்னும் அமெரிக்க அறிஞர் இச்சொல்லை வழங்கினார். காசு போட்டால் பண்டத்தைத் தள்ளும் விற்பனை இயந்திரத்தை அவர் உவமை காட்டினார். ஒப்பந்தத்தைத் தாளில் எழுதி மனிதர் நிறைவேற்றுவதற்கு மாறாக, அதைக் கணினி நிரலாகவே எழுதிவிட்டால் அது தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். 2015இல் தொடங்கிய எதீரியம் போன்ற பிளாக்செயின் வலைகளில் இத்தகைய நிரல்கள் ஏற்றப்படுகின்றன. அது பலரிடம் பிரதியாக உள்ள பொதுப் பேரேடு. முன்னேற்பாடு செய்யாவிடின், ஏற்றியதைத் திருத்துவது அரிது.

செயற்கை அறிவு உதவியாளர்கள் வந்த தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன. 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால்' என்னும் பொது இணைப்பு முறை வெளியாயிற்று. அதனாலும் அதுபோன்ற பிற முறைகளாலும், உதவியாளரை நிரல் எழுதும் கருவியோடும், சோதிக்கும் கருவியோடும், வலையில் ஏற்றும் கருவியோடும் நேரே பிணைக்க முடிகிறது. பணப்பையின் இரகசியச் சாவியையும் கொடுத்துவிட்டால், எழுதுவது, சரிபார்ப்பது, கையொப்பமிடுவது ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நடந்துவிடும். 2020ஆம் ஆண்டில் தமிழக அரசு செயற்கை அறிவுக்கு ஒன்றும் பிளாக்செயினுக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் கொள்கைகளை வெளியிட்டது. அவ்விரண்டும் இன்று ஒரே மேசையில் சந்திக்கின்றன.

பிறர் கையால் எழுதுவிப்பது தவறா? இல்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடன் எழுதுவதைப் பற்றியது. அல்பகராவின் 282ஆம் வசனம் எழுத்தருக்கு இடம் தருகிறது, அவர் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது, சாட்சிகளை வேண்டுகிறது. இவற்றினூடே ஒரு நுட்பமும் உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் எழுத்தரல்லர். பொறுப்பு யார் மீது விழுகிறதோ அவரே சொல்ல வேண்டும். அவர் இயலாதவராயின் அவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். ஆக, எழுதும் கை எவருடையதாகவும் இருக்கலாம். சொல்லும் வாய் மாறக் கூடாது.

"இயந்திரம் பிழை செய்யுமே" என்று அஞ்சுவோர் உளர். மனிதர் செய்யாத பிழையா? 2016 ஜூனில் 'தி டாவோ' என்னும் பொது முதலீட்டு நிரலிலிருந்து ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் நாணயம் வெளியேறியது. கேட்பவனுக்குப் பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் கணக்கில் கழிக்கும்படி நிரல் அமைந்திருந்தது. கழிக்குமுன்னரே ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டுப் பெற்றான். 2017 நவம்பரில் 'பாரிட்டி' பணப்பை நிரலில், எவரும் உரிமை கொண்டாடாமல் விடப்பட்ட ஒரு பொதுப் பகுதியை ஒருவர் தமதாக்கி அழித்துவிட்டார். 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஈதர் எவருக்கும் பயனின்றி உறைந்தது. இரண்டு நிரல்களையும் எழுதியவர்கள் தேர்ந்த மனிதர்களே. இத்தகைய ஓட்டைகளைக் கண்டு சொல்வதில் இயந்திரம் நமக்குத் துணையாகவும் கூடும். ஆதலின் பிழை மட்டுமே நம் கவலையன்று.

வேறொன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரு மஹல்லாவின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் எவரும் கை வைக்காதிருக்க அதை ஸ்மார்ட் காண்ட்ராக்ட்டாக மாற்றலாம் என்று ஓர் இளைஞர் முன்வருகிறார். நல்ல நோக்கமே. "20 தவணை, தவறினால் ஜாமீன்தாரரின் முன்பணத்திலிருந்து எடுத்துக்கொள்" என்று உதவியாளரிடம் சொல்கிறார். அது நொடியில் எழுதுகிறது, சோதிக்கிறது, ஏற்றிவிடுகிறது. நிரலில் பிழை ஏதுமில்லை.

ஏழாம் மாதம் கடன் வாங்கிய தள்ளுவண்டிக்காரர் நோயில் படுக்கிறார். முன்பாயிருந்தால் அவருடைய மனைவி செயலாளர் வீட்டுக்கு வந்து, "பாவா, இந்த மாதம் முடியலை" என்று ஒரு சொல் சொல்லியிருப்பார். செயலாளர் ஏட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு இரண்டு மாதம் பொறுத்திருப்பார். எங்கும் எழுதப்படாத வழக்கம் அது. கடன் எழுதும் வசனத்துக்குச் சற்று முன்னே, 280ஆம் வசனத்தில், நெருக்கடியில் உள்ளவனுக்கு அவகாசம் கொடு என்னும் கட்டளை இருக்கிறது. அவ்வழக்கத்தின் வேர் அங்கே. நிரலிலோ அந்தப் புள்ளிக்கு இடமில்லை. நள்ளிரவில் ஜாமீன்தாரரின் பணம் கழிந்துவிடுகிறது.

இந்தக் கடுமையைத் தீர்மானித்தவர் யார்? "நான் அப்படி நினைக்கவே இல்லை" என்கிறார் இளைஞர். ஜமாஅத்தார் நிரலைப் படித்ததில்லை. இயந்திரமோ சொல்லாமல் விட்ட இடத்தைத் தான் கண்ட ஆயிரம் மாதிரிகளைப் போல நிரப்பியது. அதற்கு இரக்கமும் இல்லை, வன்மமும் இல்லை. ஓர் ஏழையின் மீது தீர்ப்பு விழுந்திருக்கிறது. அதை வழங்கியவர் ஒருவருமில்லை. தீய தீர்ப்பை மேல்முறையீடு செய்யலாம். நீதிபதியே இல்லாத தீர்ப்பை எவரிடம் முறையிடுவது? நம் கவலை இதுவே.

சட்டம் இங்கே மயங்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 184ஆம் பிரிவில், சிறுவனும் ஒருவருக்கு முகவராகலாம் என்கிறது. ஆனால் தன்னை ஏவியவருக்கு அச்சிறுவன் பொறுப்பாளியாக மாட்டான். வெளியாருக்கு விடை சொல்ல வேண்டியவர் ஏவியவரே. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 11ஆம் பிரிவில், ஒருவர் சார்பில் தானே இயங்குமாறு அமைத்த கணினி அனுப்பும் மின்பதிவை அவர் அனுப்பியதாகவே கொள்கிறது. இயந்திரம் ஆளன்று, எனினும் நியாயம் ஒன்றே. வக்காலத்துக் கொடுத்தால் வேலை கைமாறும், பொறுப்பு கைமாறாது.

அப்படியாயின் கருவியைத் தள்ளிவிடுவதா? திருவெறும்பூர் வேறு பாடம் கற்பிக்கிறது. இங்குள்ள பாரத மிகுமின் நிறுவனத்தில் உயரழுத்தக் கொதிகலன்கள் செய்கிறார்கள். 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இங்கே அமைந்தது. கொதிகலனின் ஒரு பற்று விட்டால் உயிர்கள் போகும். ஆதலின் பற்றவைத்தவரே தம் வேலையைத் தேறியதென்று சொல்லிக்கொள்ள இத்தொழிலில் இடமில்லை. ஊடுகதிர்ப் படத்தை வேறொருவர் படிக்கிறார். நிறைவில் இயங்கும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீரழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். தானியங்கி வெல்டிங் இயந்திரங்கள் வந்த பின்னும் இந்த ஒழுங்கு தளரவில்லை.

நிரலுக்கும் இதுவே நெறி. இயந்திரம் எழுதட்டும், அது எழுதியதை அதுவே சோதித்துத் தந்த சான்றோடு அமையலாகாது. தன் தவறான புரிதலுக்கு ஏற்பவே அது தேர்வையும் அமைத்துக்கொள்ளும். பொய் நாணயம் ஓடும் சோதனை வலையில் முதலில் நடத்திப் பார்க்கட்டும். இறுதிச் சாவி மனிதர் கையில் இருக்கட்டும். நிரலின் ஒவ்வொரு விதியையும், பணம் கட்டுவோருக்குப் புரியும் தமிழில், ஏற்றுமுன் கூட்டத்தில் வாசிக்கட்டும். "தவணை தவறினால்?" என்று ஒரு மூதாட்டி கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அந்த வாசிப்பு.

இதற்கு நேரம் பிடிக்கும் என்பது மெய். ஆனால் மிச்சப்படுத்தும் அந்த நேரம் யாருடையது என்பதையும் எண்ண வேண்டும். பிறருடைய அமானிதத்தைக் கையாளும்போது படித்துப் பார்க்கும் சிரமம் கடமையின் ஒரு பகுதி. படித்துப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு நிரல் பெரிதாயின், புரியும் அளவுக்குத் திட்டத்தைச் சுருக்குவதே முறை.

தமிழக அரசின் மின் ஆளுமை முகமை தன் பிளாக்செயின் அமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயரிட்டிருக்கிறது. அழகிய பெயர். ஏடு மாறாது என்ற நம்பிக்கையை இயந்திரம் தரலாம். ஏட்டில் எழுதியது நியாயமானது என்ற நம்பிக்கையை மனிதர்தாம் தர வேண்டும். சாவியைத் திருப்புமுன் நம் இளைஞர்கள் சார்பதிவாளரின் கேள்வியை ஒருமுறை தம் நெஞ்சிடம் கேட்டுக்கொள்ளட்டும்: "இதை எழுதிக் கொடுப்பவர் நீர்தாமா?" தயங்காமல் 'ஆம்' என்று சொல்லும் தெளிவை வல்ல இறைவன் அவர்களுக்கு அருள்வானாக!